ஆள் குறைந்தால் ஓட்டல், ஆள் கூடினால் வீடு: விருந்தை எங்கே வைப்பது?

பண்டிகைக்கோ பிறந்தநாளுக்கோ நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று பேச்சு எழுந்ததும் பெரும்பாலானோர் ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். நாலைந்து பேர் என்றால் வீட்டிலேயே சமைத்துவிடலாம். பதினைந்து பேர் என்றால் யார் கிடந்து அல்லாடுவது, ஓட்டலுக்கே போய்விடலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. என் கட்சி இதற்கு நேர் எதிர். ஆள் குறைவாக இருந்தால் ஓட்டலுக்குப் போங்கள். ஆள் கூடினால் வீட்டிலேயே வையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே சமைக்காதீர்கள்.

செலவு, ருசி, வேலைப்பளு என்ற மூன்றையும் வைத்துத்தான் வழக்கமாக இந்த முடிவை எடுக்கிறோம். மூன்றும் முக்கியம்தான். நான் நாலாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன், அதையே முதலிலும் வைக்கிறேன்: அழைத்தவர் எவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்? விருந்தினர் வந்திருப்பது அவரைப் பார்க்க. அவரோ அடுப்படியில் நிற்கிறார், அல்லது ஓட்டல் மேசையின் ஒரு கோடியில் உட்கார்ந்து மறுகோடியைப் பார்த்துக் கையசைக்கிறார். இரண்டுமே விருந்தினருக்கு நஷ்டம்தான். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்க்கலாம்: ஓட்டல், வீட்டுச் சமையல், கேட்டரிங், ஆளுக்கொன்று கொண்டுவருவது.

ஓட்டலில் வைத்தால்

நான்கு பேருக்கு ஓட்டலை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு மேசை, ஒரு பேச்சு, எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியும். பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. ஒருவருக்குக் காரம், இன்னொருவருக்குக் காரமில்லாமல் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லலாம். வீட்டில் நான்கு பேருக்கு நான்கு விதமாகச் சமைத்தால் சமைத்தவர் சாப்பிடுவதற்குள் நள்ளிரவாகிவிடும்.

ஆள் ஏறஏறத்தான் சிக்கல். மனிதர்கள் பேசிக்கொள்ளும் விதத்தை ஆராய்ந்த ராபின் டன்பாரும் அவருடைய சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இயல்பாக நடக்கும் ஒரு பேச்சு வட்டம் சுமார் நால்வருக்கு மேல் நிலைப்பதில்லை என்று கண்டார்கள். ஐந்தாவது ஆள் சேர்ந்ததும் கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்துவிடும். நின்றுகொண்டு பேசும் இடத்தில் இதனால் ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து இங்கே நகர்ந்து, வேறொரு வட்டத்தில் நுழைந்துகொள்ளலாம். ஓட்டலில் பதினான்கு பேருக்கு நான்கு மேசைகளை ஒட்டிப்போட்டு நீளமாக உட்கார வைத்தால் நகர முடியாது. எதிரில் இருப்பவர், இடப்பக்கம், வலப்பக்கம். அவ்வளவுதான் அன்றைய உலகம். சுவரோரமாக மாட்டிக்கொண்டவர் கை கழுவப் போக வேண்டுமென்றாலே மூன்று பேர் எழுந்து வழிவிட வேண்டும். மேசையின் கோடியில் அமர்ந்தவரின் நிலை இன்னும் பாவம். அவருக்குப் பக்கத்தில் ஒருவர்தான். அந்த ஒருவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டால், இவர் உணவுப் பட்டியலை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார்.

சத்தம் அடுத்தது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். எத்தியேன் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதைப் பற்றி எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு மேசைக்காரர்கள் குரலை உயர்த்தினால் பக்கத்து மேசைக்காரர்களும் உயர்த்துவார்கள், அது திரும்ப நம்மிடமே வரும். பண்டிகை நாளில் நிரம்பி வழியும் ஓட்டலில் இதற்கு முடிவே கிடையாது. 1959இல் வில்லியம் மெக்லீன் என்பவர் ஒலியியல் ஆய்விதழ் ஒன்றில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்: கூடத்தின் அளவையும் அதன் சுவர்கள் ஒலியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதையும் பொறுத்து ஓர் எண்ணிக்கை உண்டு, ஆட்கள் அதைத் தாண்டினால் அமைதியாக நடந்துகொண்டிருந்த விருந்து இரைச்சல் விருந்தாக மாறிவிடும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். காது கொஞ்சம் மந்தமானவர்கள் அந்த இரைச்சலில் சிரித்துத் தலையாட்டியே நேரத்தைக் கடத்திவிடுவார்கள். வழவழப்பான கல் தரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள இடத்தைவிடத் திரைச்சீலையும் மெத்தை இருக்கையும் உள்ள இடம் எவ்வளவோ மேல். இடத்தை நேரில் போய்ப் பார்ப்பவர்கள் அலங்காரத்தைப் பார்க்கிறார்கள்; நான் தரையைப் பார்க்கச் சொல்வேன்.

மூன்றாவது சமையலறை. விசேஷ நாட்களில் ஓட்டல் சமையலறை தன் வழக்கமான தரத்தில் இருக்காது. கூட்டம் இரட்டிப்பு, பட்டியல் பாதி, மேசைக்கு இத்தனை மணி நேரம்தான் என்ற கட்டுப்பாடு வேறு. பதினான்கு பேர் பதினான்கு வகை சொன்னால் எல்லாம் ஒரே சமயத்தில் வரவே வராது. முதலில் வந்தவர் மரியாதைக்காகக் காத்திருந்து ஆறிப்போனதைச் சாப்பிடுவார். கடைசியில் வந்தவர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவசரமாக விழுங்குவார்.

பில் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சமமாகப் பங்கிட்டுக்கொள்வோம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு உட்காரும்போது ஆட்கள் அதிகமாக ஆர்டர் செய்கிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஓர் ஓட்டலில் ஆறு ஆறு பேராக உட்கார வைத்துச் செய்த சோதனை இது. பொருளியலாளர் யூரி நீஸியும் மற்ற இருவரும் 2004இல் வெளியிட்டார்கள். அவரவர் பங்கை அவரவரே கட்டிய மேசைகளைவிட, சமமாகப் பங்கிட்ட மேசைகளில் தலைக்குச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. வேறு யாரோ கட்டுகிறார்கள் என்றபோது இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவர் பெரிதாக ஏதோ சொல்லும்போது, அதற்கும் நாம்தானே பங்கு கட்டப்போகிறோம் என்று கை தானாகப் பட்டியலின் கீழ்ப்பகுதிக்கு நகரும். எல்லோரையும்விட அதிகம் நொந்துபோவது குறைவாகச் சாப்பிட்டவரும் மது அருந்தாதவரும்தான், அவர்கள் வாய் திறந்தும் சொல்ல மாட்டார்கள். ஆகவே நீங்கள் அழைத்தால் நீங்களே கட்டுங்கள். முடியாதென்றால் அழைக்கும்போதே, அவரவர் பில்லை அவரவர் கட்டுவோம் என்று சொல்லிவிடுங்கள். இனிப்பு சாப்பிட்டு முடித்தபிறகு சொல்வது நாகரிகமல்ல.

ஆள் அதிகமாக இருந்தும் ஓட்டல்தான் என்று ஆகிவிட்டால், நீள மேசை வேண்டாம். அடுத்தடுத்து மூன்று வட்ட மேசைகள் கேளுங்கள். உணவை முன்னதாகவே மூன்று நான்கு வகைக்குள் அடக்கிச் சொல்லிவையுங்கள். கூட்டம் வருவதற்கு முந்தைய நேரத்தைப் பிடியுங்கள். பாதிச் சாப்பாட்டில் நீங்கள் எழுந்து அடுத்த மேசைக்குப் போய் உட்காருங்கள். இவ்வளவும் செய்தால் ஓரளவு தேறும்.

நாமே சமைத்தால்

அன்பின் அளவுகோல் சமையல்தான் என்று நம்புகிறவர்கள் நிறைய உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எட்டுப் பேர் வரை நாமே சமைப்பது நல்ல வழி. செலவு குறைவு, எதில் என்ன போட்டோம் என்று நமக்குத் தெரியும், சாப்பிட்ட பிறகும் யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கடைசி வசதியை ஓட்டலில் எவ்வளவு காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

எட்டைத் தாண்டினால் வீட்டுச் சமையலறை ஒத்துழைக்க மறுக்கிறது. நான்கு பேருக்கான குறிப்பை மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு பேருக்கு ஆகிவிடும் என்பது கணக்குப் புத்தகத்தில் சரி. அடுப்பில் சரியில்லை. அதே அடுப்பில் மூன்று மடங்கு தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். நீர் ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது; பெரிய பாத்திரத்தில் உணவின் அளவு மூன்று மடங்கானாலும் வாய் அவ்வளவு அகலமாவதில்லை. அதனால் குழம்பு கெட்டிப்படவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தண்ணீரைக் கணக்கைவிடக் குறைவாக ஊற்றத் தொடங்க வேண்டும். வதக்குவதற்கு ஒரே சட்டியில் எல்லாவற்றையும் குவித்தால் வதங்காது. தண்ணீர் விட்டு வேகும், நிறமும் வராது, மணமும் வராது. இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துத்தான் வதக்க வேண்டும். உப்பும் காரமும் முக்கால் பங்கில் நிறுத்தி, ருசி பார்த்துக் கூட்டுவது உத்தமம்.

குளிர்பதனப் பெட்டி இன்னொரு தலைவலி. முந்தைய நாளே சமைத்துவிடலாம் என்பது நல்ல யோசனை. புளிப்பும் மசாலாவும் சேர்ந்து நிதானமாக வெந்த பண்டங்கள் மறுநாள் இன்னும் ருசிக்கும். ஆனால் அந்தப் பெரிய பாத்திரத்தைச் சுடச்சுட அப்படியே உள்ளே தள்ளினால் நடு உணவு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிகள் பெருகுவதற்கு அந்த வெதுவெதுப்புதான் வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, குளிர வைப்பதென்றால் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேலே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடைமுறையில் இதன் பொருள், ஒரு பெரிய பாத்திரத்தை ஐந்தாறு தட்டையான பாத்திரங்களாகப் பிரிப்பது. உணவின் ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் ஆறும். சோற்றில் இன்னும் கவனம் தேவை. பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதியிலும் சாகாமல் தப்பிவிடும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. ஆகவே சோற்றை அன்றன்றைக்கு வடிப்பதே நல்லது. ஐந்தாறு தட்டையான பாத்திரங்களுக்குப் பெட்டியில் இடம் எங்கே என்கிறீர்களா? குளிர்பானங்களை வெளியே எடுத்துவிடுங்கள்; அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பட்டியல் போடும்போது எனக்கு ஒரே விதிதான். கடைசி நேரத்தில் அடுப்பில் நிற்க வேண்டிய பண்டம் ஒன்றுக்கு மேல் கூடாது. பொரித்து உடனே சாப்பிட வேண்டியது, சுட்டுச் சுட்டுத் தட்டில் போட வேண்டியது, இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் அழைத்தவர் அன்று உட்காரப்போவதில்லை என்று அர்த்தம். விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கையில் கரண்டியோடு எட்டிப்பார்த்து, "உட்காருங்கள், இதோ வந்துவிட்டேன்" என்கிறவர், அவர்கள் கிளம்பும்போதும் கரண்டியோடுதான் வாசலுக்கு வருவார்.

பரிமாறும் முறையிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பியப் பிரபுக்களின் விருந்துகளில் ஒரு காலத்தில் எல்லாப் பண்டங்களையும் மொத்தமாக மேசையில் பரப்பிவிடுவார்கள். அது பிரெஞ்சு முறை. பார்க்க அமர்க்களமாக இருக்கும், சாப்பிடுவதற்குள் ஆறிவிடும். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை வந்தது: ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகக் கொண்டுவருவது. பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த குராக்கின் இதைப் பிரபலப்படுத்தியதாகச் சொல்வதுண்டு. இன்றைய நாகரிக ஓட்டல்கள் பின்பற்றுவது இதைத்தான், அதைப் பார்த்து நாமும் வீட்டில் அப்படியே செய்ய ஆசைப்படுகிறோம். குராக்கின் வீட்டில் எடுத்துவர ஆட்கள் இருந்தார்கள். ஆள் இல்லாத வீட்டில் நான்கு சுற்று என்றால் அழைத்தவர் நான்கு முறை எழுந்து போவார், நான்கு முறை தட்டு மாற்றுவார். வீட்டுக்குப் பழைய பிரெஞ்சு முறைதான் சரி. எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். கொஞ்சம் ஆறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கேட்டரிங்

இருபது பேர், அதற்கு மேல் என்றால் யோசிக்கவே வேண்டாம். வீட்டில் இடமிருந்தால் கேட்டரிங். "வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு வெளிச் சாப்பாடா" என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள்தான் இரண்டாவது முறையும் போட்டுக்கொள்வார்கள்.

இதில் தவறு நடப்பதெல்லாம் பேசிமுடிக்காமல் விட்ட இடங்களில்தான். ருசி பார்க்கிறோம், தலைக்கு எவ்வளவு என்று கேட்கிறோம், முன்பணம் கொடுக்கிறோம். சமையல் எத்தனை மணிக்கு முடியும், எத்தனை மணிக்கு இங்கே வந்து சேரும் என்று கேட்பதில்லை. மதியம் சமைத்து மூடிவைத்ததை இரவு எட்டு மணிக்குக் கொண்டுவந்தால் மேலே சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கு எங்கே போயிற்று? சூடு தாங்கும் பாத்திரத்தில் வருகிறதா, பரிமாற ஆள் வருவார்களா, வந்தால் எத்தனை மணி வரை இருப்பார்கள், எச்சில் தட்டு எடுப்பது யார் பொறுப்பு, பாத்திரங்களை எப்போது எடுத்துப்போவார்கள், ஆட்கள் கூடினால் எந்த நேரம் வரை சொல்லலாம்: இவை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவு சொல்லும்போது இரண்டு பக்கமும் இழுக்கும். வகை கூடினால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் போகும் என்பார்கள் சமையல்காரர்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் வகை கூடினால் சாப்பிடுவதும் கூடும். உணவு ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1981இல் வெளியிட்ட சோதனையில், ஒரே பூரணம் வைத்த சாண்ட்விச் கொடுக்கப்பட்டவர்களைவிட நான்கு விதப் பூரணம் வைத்தவை கொடுக்கப்பட்டவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள். ஒரு ருசி அலுத்த நாக்குக்கு அடுத்த ருசி புதிதாக இருக்கிறது. வயிறு நிறைந்தவருக்கு இனிப்புக்கு மட்டும் இடம் கிடைப்பதும் இதனால்தான். ஆகவே பதினைந்து வகை என்று பெருமைக்குப் போடாமல், ஐந்தாறு வகையைத் தாராளமான அளவில் சொல்லுங்கள். செலவும் கட்டுப்படும், மிச்சமும் குறையும்.

மேசையைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். நடுவில் இழுத்துப் போட்டால் இரண்டு பக்கமும் வரிசை போகும், காத்திருக்கும் நேரம் பாதியாகும். தட்டு வரிசையின் தொடக்கத்தில் இருக்கட்டும். கரண்டியும் துடைக்கும் தாளும் கடைசியில். முதலிலேயே கையில் கொடுத்தால் ஒரு கையில் தட்டு, மறுகையில் கரண்டியும் தாளும் என்று வைத்துக்கொண்டு எதை அள்ளுவது?

ஆளுக்கொன்று கொண்டுவருவது

எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதுதான் வழி. நெருக்கமான நண்பர்கள், ஒரே அலுவலகத்தார், கிட்டத்து உறவு என்றால் இன்னும் பொருத்தம். நாம் வேலைக்கு அஞ்சுகிறோம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கொண்டுவருகிறவருக்கும் அன்று ஒரு பெருமை உண்டு, அவருடைய பாத்திரம் காலியாகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். புதிதாகப் பழகியவர்களை முதல்முறை அழைக்கும்போது மட்டும் இது வேண்டாம்.

"உங்களுக்குப் பிடித்ததைக் கொண்டுவாருங்கள்" என்று பெருந்தன்மையாகச் சொன்னால் காரியம் கெட்டுவிடும். ஆறு பேர் இனிப்போடு வருவார்கள், மூன்று பேர் வறுவல் பொட்டலத்தோடு வருவார்கள், வயிற்றை நிரப்ப ஒன்றும் இருக்காது. பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கட்டளையிட்டாலும் கோபம் வரும். நடுவழி, வகையைப் பிரித்துக் கொடுப்பது. ஒருவர் வயிறு நிரப்பும் ஒன்று, இன்னொருவர் காய்கறியில் ஒன்று, மற்றொருவர் இனிப்பு. முக்கியமான பண்டத்தையும் சோறு ரொட்டி போன்ற அடிப்படையையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். யாரோ கடைசி நேரத்தில் வராமல் போனாலும் விருந்து நின்றுவிடாது. சமைக்கத் தெரியாதவரிடம் சமைத்துவரச் சொல்லாதீர்கள். பனிக்கட்டி, பானங்கள், காகிதத் தட்டு, குப்பைப் பை. இவற்றைக் கொண்டுவருகிறவர்தான் அன்று எல்லோரையும்விட அதிகம் உதவுகிறவர்.

வருகிறவர்களிடம் இரண்டு நிபந்தனைகளைக் கூச்சமில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஒன்று, மேசையில் அப்படியே வைக்கும் நிலையில் கொண்டுவர வேண்டும். "ஒரு கொதி விட்டால் போதும்" என்று சொல்லிக்கொண்டு ஐந்து பேர் ஒரே அடுப்பை நோக்கி நடந்தால், இந்த ஏற்பாட்டின் நோக்கமே போயிற்று. இரண்டு, பரிமாறும் கரண்டியோடு வர வேண்டும். பத்துப் பாத்திரம் வரும், பத்துக் கரண்டி எந்த வீட்டிலும் இருக்காது.

ஒவ்வாமை உள்ளவருக்கு நான்கு வழிகளில் ஆபத்து அதிகமானது இதுதான், இதைச் சொல்லாமல் விடக்கூடாது. பொட்டலத்தில் வரும் உணவிலும் ஓட்டலிலும் ஒவ்வாமை தரும் பொருட்களைத் தெரிவிக்கச் சட்டம் உள்ள நாடுகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அப்படி 14 பொருட்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அமெரிக்காவில் பொட்டல உணவுக்கான பட்டியல் ஒன்பது. எள் அதில் 2023இல்தான் சேர்ந்தது. நண்பர் வீட்டுப் பாத்திரத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை. நிலக்கடலை எண்ணெயில் வதக்கியதா, அரைத்ததில் முந்திரி இருக்கிறதா என்பது சமைத்தவருக்குத்தான் தெரியும். அவரோ அப்போது மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருப்பார். ஒரு சிறு அட்டையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிப் பாத்திரத்தின் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை.

குடிப்பதற்கு

பானங்களைப் பொறுத்தவரை வீட்டுக்குச் செலவு குறைவு, ஓட்டலுக்கு அளவு சரி. மது பரிமாறும் வழக்கமுள்ளவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் பெரிது. ஓட்டலில் அளந்து ஊற்றுகிறார்கள், விலையும் கையைக் கட்டிப்போடுகிறது. வீட்டில் கண்ணளவுதான். 5 சதவீத பீர் 330 மில்லிலிட்டர், 12 சதவீத ஒயின் 150 மில்லிலிட்டர், 40 சதவீதச் சாராய வகை 45 மில்லிலிட்டர்: மூன்றிலும் சுத்தமான ஆல்கஹால் ஏறத்தாழ ஒன்றுதான், 13 அல்லது 14 கிராம். பெரிய கிண்ணக் கோப்பையில் கண்ணளவாக ஊற்றும் ஒயின் எளிதாக 200 மில்லிலிட்டரைத் தாண்டிவிடும், குடித்தவரோ ஒன்றுதான் குடித்தேன் என்பார், அவர் பொய்யும் சொல்லவில்லை. மேலே சொன்ன அளவுக் கோப்பை ஒன்றை வெளியேற்றவே உடம்புக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். காபி குடித்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. மது அளவில் பாதுகாப்பான எல்லை என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஊற்றுவதா வேண்டாமா என்பது அவரவர் பாடு. ஊற்றுகிறவர் ஓர் அளவுக் கோப்பையை மேசையில் வைக்கட்டும், வண்டி ஓட்டி வந்தவர் எப்படித் திரும்புவார் என்பதை முதல் கோப்பைக்கு முன்னாலேயே கேட்டுவிடட்டும்.

குடிக்காதவர்களுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலான விருந்துகளில் ஒரு பாட்டில் சோடாவும் தண்ணீர் ஜாடியும்தான். இது சரியில்லை. பழச்சாறும் மூலிகையும் புளிப்பும் சேர்த்து ஒரு பெரிய ஜாடி முன்னதாகவே கலந்து வைக்கலாம். நுரைப்பது எதுவோ அதை மட்டும் கடைசியில் ஊற்றினால் போதும். குழந்தைகளும் அதையேதான் கேட்பார்கள்.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து வெளியேற்றிய பாட்டில்களுக்கு ஒரு வாளி போதும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் பானத்தை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிராம் பனிக்கட்டி உருக வேண்டும். இது ஏட்டுக் கணக்கு. பாட்டிலின் சூடு, வாளியின் சூடு, அறையின் சூடு எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கோப்பையில் போடுவதற்கு வேண்டியது தனி, அதைத் தனி வாளியில்தான் வைக்க வேண்டும். பனிக்கட்டியை மட்டும் போட்டால் பாட்டிலில் அங்கங்கேதான் ஒட்டும். பாட்டிலின் கழுத்துவரை தண்ணீரும் ஊற்றி, ஒரு கைப்பிடி உப்பையும் போட்டால் கால் மணி, இருபது நிமிடத்தில் சில்லென்று ஆகிவிடும். இந்த வாளியைச் சாப்பாட்டு மேசையிலிருந்தும் வாசலிலிருந்தும் தள்ளி ஒரு மூலையில் வையுங்கள். ஆட்கள் அங்கே தானாகக் கூடுவார்கள், வழி அடைபடாது.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு மனமாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: முழுச் சாப்பாடு போட்டே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? வீடு சிறியது, கைச்செலவுக்கு இழுபறி, ஆட்களோ இருபத்தைந்து பேர் என்றால், சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி அழையுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்தபின் இனிப்பும் காபியும், அல்லது பிற்பகலில் தேநீரும் நாலு கடிக்கிற வகையும். அடுப்பு வேலை கிட்டத்தட்ட இல்லை, நாற்காலி போதாவிட்டாலும் நின்றபடியே பேசுவார்கள், டன்பார் சொன்ன நால்வர் வட்டங்கள் தாமாக உருவாகிக் கலையும். அழைக்கும்போது தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். சாப்பாடு உண்டோ இல்லையோ என்ற சந்தேகத்தில் பசியோடு யாரும் வரமாட்டார்கள்.